ஆச்சி பதில்கள்: பால் பொங்கிய மால்கவுன்ஸ்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "அடுப்பில் பாலை வைத்துவிட்டு மால்கவுன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தேன்; பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது." பால் போனதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. மால்கவுன்ஸ் என்கிற இந்துஸ்தானி ராகத்தைப் பற்றித்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. கானாடுகாத்தானில் பிறந்து பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இந்துஸ்தானி எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று பலருக்கும் சந்தேகம். எங்கள் வீட்டுச் செட்டியாருக்கு வங்கியில் வேலை. 1974இல் கர்நாடகத்தின் ஹூப்ளிக்கு மாற்றினார்கள். ஆறு வருடம் அங்கே குடியிருந்தோம். ஒட்டியது அங்கேதான்.

இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். கந்தரப்பம் எண்ணெயில் ஏன் பிரிந்துபோகிறது என்று கேட்ட ஆத்தங்குடி வாசகி அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மால்கவுன்ஸ் நள்ளிரவு ராகம் அல்லவா? காலைக் காப்பி நேரத்தில் கேட்டதற்குத் தண்டனையாகத்தான் பால் பொங்கியதோ?
(புதுவயல் வாசகர்)

நான் அடுப்பைப் பார்க்காததால் பொங்கியது. ராகத்தின் மேல் பழி போட மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் கணக்கு சரி. விடியலுக்கு பைரவ், உச்சிப் பொழுதுக்கு சாரங், அந்தி மயங்கும்போது மார்வா, விளக்கு வைத்தபின் யமன், ஊர் அடங்கியபின் தர்பாரியும் மால்கவுன்ஸும் என்று இந்துஸ்தானிக்காரர்கள் நாளைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். நம் கர்நாடக சங்கீதத்திலும் பூபாளம் காலைக்கு, நீலாம்பரி தாலாட்டுக்கு என்று இருந்தது. மாலை ஆறு மணிக் கச்சேரிக்குள் எல்லா ராகத்தையும் அடைக்கப் பழகிய பிறகு நாம் அதைக் கைவிட்டோம்.

நேரம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் ஒன்றைச் செய்து பாருங்கள். நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்களில் அவர்களுக்கு இரண்டு ராகங்கள் இருக்கின்றன. காந்தாரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் பூப், அது மாலைக்கு. தைவதத்தைத் தூக்கி நிறுத்தினால் தேஷ்கார், அது காலைக்கு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே வீட்டில் காலையில் கிழக்குத் திண்ணையிலும் மாலையில் மேற்குத் திண்ணையிலும் உட்காருகிற வித்தியாசம் தெரியும். சுரம் ஒன்றுகூட மாறியிருக்காது.

மற்றபடி, இசைத்தட்டு வந்த நாளிலிருந்தே விதி தளர்ந்துவிட்டது. தட்டுக்கு மணி பார்க்கத் தெரியாது. தாராளமாகக் கேளுங்கள். பாலை மட்டும் இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரே வரியை ஒரு மணி நேரம் பாடுகிறார்கள். கீர்த்தனை இல்லை, சரணம் இல்லை. எப்படிப் பொறுமையாக உட்காருகிறீர்கள்?
(தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நானும் உட்காரவில்லை, ஐயா. ஹூப்ளியில் முதல் கச்சேரிக்குப் போனபோது இருபது நிமிடம் பல்லவி, அனுபல்லவி என்று தேடிக்கொண்டே இருந்தேன். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். கை எங்கே விழ வேண்டும் என்றே தெரியவில்லை. எழுந்து வந்துவிடலாம் என்று செருப்பைக் கண்ணால் தேடியபோது, பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் என் கையைப் பிடித்து மடியில் வைத்தார். "சொல்லை எண்ணாதே, தாளமும் போடாதே. தபலா திரும்பி வருகிற இடத்துக்குக் காத்திரு" என்றார்.

அந்த இடத்துக்கு 'ஸம்' என்று பெயர். தாளத்தின் முதல் தட்டு. பெரிய கியால் (அவர்கள் கச்சேரியில் விரித்துப் பாடும் பாட்டு) பெரும்பாலும் விளம்பித, அதாவது மிக மெதுவான, ஏக்தாளத்தில் இருக்கும். பன்னிரண்டு மாத்திரை. மாத்திரை ஒன்று நாலைந்து விநாடிக்கு நீளும் என்பதால் ஒரு சுற்று முடியவே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் முழுவதும் பாடகருக்குச் சொந்தம். தபலாக்காரர் நம் மிருதங்கக்காரரைப் போல் பாட்டுக்குக் கூடவே கோலம் போட மாட்டார். அதே ஜதியை வாசித்துக்கொண்டு வேலியைக் காப்பது போல் காப்பார். அன்று பாடியவர் கீழ் ஸ்தாயியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டார். பத்தாவது மாத்திரை, பதினோராவது மாத்திரை. இவர் வழி தவறிவிட்டார் என்று எனக்கே பதற்றமாக இருந்தது. கடைசி அரை மாத்திரையில் பாட்டின் முதல் சொல்லைக் கையில் எடுத்தார் பாருங்கள், ஸம்மில் வந்து விழுந்தது. அரங்கமே ஒன்றாகத் தலையை ஆட்டியது. என் தலையும் ஆடியிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் செட்டியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நம் வீடுகளில் தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். தெரிகிறதே என்று யாரும் ஓடிப்போய்க் கொல்லைக் கதவைத் தொடுவதில்லை. வளவில் வெயில் விழுகிற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறோம். கியாலும் அப்படித்தான். முதல் அரை மணி நேரம் 'ஸ' எனும் கீழ் சட்ஜத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் விட்டு நகரவே மாட்டார்கள். மேல் சட்ஜத்தைத் தொடும்போது அதற்கு ஒரு வருகை இருக்கும்.

வெறும் இழுவையும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சரக்கு இல்லாதவர் கையில் விளம்பிதம் என்பது ரயில் சிக்னலுக்கு நிற்பது மாதிரி. அன்றைக்கு எழுந்து வந்துவிடுங்கள், பாவம் இல்லை.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் ஓர் இசைத்தட்டு பார்த்தேன். 'ஒடியன்' என்றும் 'அப்துல் கரீம் கான்' என்றும் போட்டிருக்கிறது. யார் இவர்? வாங்கலாமா?
(காரைக்குடி, கல்லூரி மாணவர்)

தம்பி, இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்க வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மிச்சத்தை வாங்கி வந்த பிறகு படிக்கலாம்.

கிரானா கரானாவின் மூலவர் அவர். 'கரானா' என்றால் ஒரு குடும்பத்தின் பாட்டு வழி. நம்மில் 'இன்னார் பாணி' என்போமே, அதைக் கோவில் பங்கு மாதிரி தலைமுறையாகக் காப்பது. குவாலியர், ஆக்ரா, ஜெய்ப்பூர், பாட்டியாலா என்று ஊர்ப் பெயரால் அழைப்பார்கள். கிரானாக்காரர்களுக்குச் சுரத்தின் சுத்தம்தான் உயிர். 1872இல் பிறந்த கான் சாகிப் மைசூர் அரண்மனையில் பாடியவர், சென்னையில் பாடியவர், நம் வித்வான்கள் கல்பனாசுரம் பாடுவதைக் கேட்டு, தாமும் 'சர்கம்' என்று சுரம் பாடும் வழக்கத்தை எடுத்துக்கொண்டார் என்பார்கள். தியாகையரின் 'ராம நீ ஸமானமெவரு' கரகரப்பிரியாவை இசைத்தட்டிலேயே பாடியிருக்கிறார். தெலுங்கு கொஞ்சம் உருண்டிருக்கும்; உணர்ச்சி உருளவில்லை.

ஒடியன் தட்டு காரைக்குடியில் கிடைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் கம்பெனியின் தட்டுகளைத் தென்னாட்டில் விற்றது நம் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ்தான். கொண்டுவிற்கப் பர்மாவுக்குப் போன எங்கள் ஐயா, ஊர் திரும்பியபோது ஒரு குழாய் கிராமபோனும் கட்டுக் கட்டாகத் தட்டுகளும் வாங்கி முகப்பில் வைத்தார். எல்லாம் நாடகப் பாட்டு. நடுவில் ஒன்றே ஒன்று கான் சாகிப், ஜின்ஜோட்டியில் 'பியா பின்'. அதைப் போட்டால் அப்பத்தா உள்ளேயிருந்து கேட்பார்: "இந்த மனிதருக்கு என்ன, பல்வலியா?" ஐயா பதில் சொல்ல மாட்டார், ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைப்பார். மூன்று நிமிடப் பாட்டு, அப்பத்தா ஓயும் வரை ஓடும். பிறகு பங்கு பிரித்தபோது கிராமபோன் பெரியப்பச்சி பங்குக்குப் போனது. தட்டுகளை நெல் குதிருக்கு மூடியாக்கியிருந்ததை நான் கல்யாணமாகிப் போவதற்கு முன் என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

கான் சாகிபின் முடிவும் நம் மண்ணில்தான். 1937 அக்டோபர் 27. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு, அரவிந்தர் ஆசிரமத்தில் பாட ரயிலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் நெஞ்சு சரியில்லை என்று சிங்கபெருமாள்கோவில் நிலையத்தில் இறங்கிவிட்டார். பிளாட்பாரத்தில் படுக்கையை விரிக்கச் சொல்லி, தம்பூராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரியில் தொழுகை வாசகத்தைப் பாடிக்கொண்டே அடங்கினார் என்று சொல்வார்கள். உடலை மகாராஷ்டிரத்தின் மிரஜுக்குக் கொண்டுபோய் அங்குள்ள தர்காவில் அடக்கம் செய்தார்கள். காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் செங்கல்பட்டு தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வேன். வண்டி அங்கே நிற்பதில்லை. மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் போய்விடும்.

வாங்கும்போது தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த தட்டு. கருப்பாகப் பளபளத்தால் நல்ல தட்டு. விளிம்பில் மயிரிழைக் கீறல் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அது அரக்கில் செய்தது, கைதவறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும், ஈரத்துணி போதும். எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடி முடிந்ததும் தூக்கி எறிய வேண்டும். ஒரே ஊசியில் பத்துத் தட்டு ஓட்டும் கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டுப் பார்க்கக்கூடத் தட்டைக் கொடுக்காதீர்கள்.

மோகனம்தான் பூப், இந்தோளம்தான் மால்கவுன்ஸ் என்கிறார்கள். அப்படியென்றால் பெயர் மட்டும் மாறிய ஒரே சங்கீதம்தானே இரண்டும்?
(கல்லல் வாசகி)

பெயரை நம்பிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள், ஆத்தா. வடக்கே போய் 'தோடி' பாடுங்கள் என்று கேட்டால் நம் சுபபந்துவராளியை எடுப்பார்கள். நம் தோடியின் சுரங்கள் வேண்டுமென்றால் 'பைரவி' என்று கேட்க வேண்டும். 'ஹிந்தோல்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் இந்தோளத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சுரம் ஒன்றாக இருந்தாலும் அசைவு வேறு. நாம் சுரத்தை அசைத்தே பிடிப்போம். அவர்கள் நேராக நிறுத்திவிட்டு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவார்கள். ஒரே மாவில் பணியாரமும் ஆப்பமும் மாதிரி என்று சொல்ல வந்தேன். மாவும் முழுக்க ஒன்றில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் கொடுக்கல் வாங்கல் நிறைய. பம்பாய் வக்கீலான பாத்கண்டே 1904இல் தென்னாட்டில் ஊர் ஊராகச் சுற்றி, எட்டயபுரம் வரை போய் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். அந்தத் தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்கிற இசை நூல் வெளியான வருடமும் அதுதான். நம் வேங்கடமகியின் எழுபத்திரண்டு மேளம் என்கிற தாய் ராக அடுக்கைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பாத்கண்டே, வடக்கத்தி ராகங்களைப் பத்து 'தாட்'டுகளில் அடுக்கினார். இன்று வடக்கே பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் செய்கிற பத்து அதுதான். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே முத்துசுவாமி தீட்சிதர் காசியில் சில வருடம் இருந்துவிட்டு வந்து, பிருந்தாவன சாரங்காவிலும் ஹமீர் கல்யாணியிலும் கீர்த்தனை செய்துவிட்டார். பிள்ளையார்பட்டியில் நாம் பாடுகிற வாதாபியின் ஹம்சத்வனி வடக்கே குடியேறி அங்கேயே குடும்பஸ்தனாகிவிட்டது.

பழைய ஒலிப்பதிவில் கங்குபாய் ஹங்கல் பாடுவதைக் கேட்டேன். ஆண் குரல் என்றே நினைத்தேன். ஏன் அப்படி?
(திருப்பத்தூர் வாசகர்)

இளம் வயதில் மெல்லிய குரல்தான். தொண்டையில் செய்த சிகிச்சைக்குப் பிறகு கனத்துப் போனது. வேறொருவர் என்றால் பாட்டையே நிறுத்தியிருப்பார். அவர் அந்தக் குரலுக்கேற்பச் சுருதியை இறக்கிக்கொண்டு, இன்னும் எண்பது வருடம் போதாது என்கிற மாதிரி பாடினார். ஹூப்ளியிலிருந்து ரயிலேறிக் குந்த்கோலில் இருந்த சவாய் கந்தர்வரிடம் போய்ப் படித்தவர். அந்த சவாய் கந்தர்வர் நம் சிங்கபெருமாள்கோவில் கான் சாகிபின் சீடர். பீம்சென் ஜோஷி படித்ததும் அதே வீட்டில்தான்.

ஹூப்ளியில் ஒரு கச்சேரியில் அவரைப் பத்தடி தூரத்தில் கேட்டிருக்கிறேன். நெற்றியில் பெரிய குங்குமம், சாதாரணச் சேலை, பக்கத்தில் தம்பூராவோடு மகள். முதல் சட்ஜத்துக்குத் தரை அதிர்ந்த மாதிரி இருந்தது. பெண் குரல் என்றால் குயில்தான் என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள இவரை விட நல்ல ஆள் கிடைக்காது.

விண்வெளிக்கு இந்துஸ்தானிப் பாட்டு போயிருக்கிறதாமே, உண்மையா?
(சிறுகூடல்பட்டி, பள்ளி மாணவி)

உண்மை. 1977இல் ஏவிய இரண்டு வாயேஜர் கலங்களிலும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. அதில் கேசர்பாய் கேர்கர் பைரவியில் பாடிய 'ஜாத் கஹா ஹோ'வும் ஒன்று. தனியாக எங்கே போகிறாய் பெண்ணே என்று அர்த்தம். பாட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல நகைச்சுவை. கலங்கள் கிளம்பிய சில நாளிலேயே, அதே வருடம் செப்டம்பரில் கேசர்பாய் காலமாகிவிட்டார்.

மகள் திருமணத்துக்கு நாகசுரம் சத்தமாக இருக்கிறது, ஷெனாய் ஒலிப்பதிவு போடலாம் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். என்ன செய்ய?
(கோட்டையூர் வாசகி)

திருப்பூட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு யார் பொத்தானை அமுக்குவது என்று அவர்களையே கேளுங்கள்.

ஷெனாயை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காசியில் நம் நகரச் சத்திரத்தில் தங்கியவர்களுக்குத் தெரியும். பல தலைமுறையாக விசுவநாதர் பூசைக்கு அங்கிருந்துதான் சாமான் போகிறது. 'சம்போ சம்போ' என்று சொல்லிக்கொண்டு சந்துகளின் வழியே எடுத்துப் போவார்கள். 1983இல் அப்படிப் பின்னாலேயே நடந்து போனபோது, ஏதோ ஒரு மாடியிலிருந்து யாரோ ஷெனாயில் ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். போகும்போதும் அதே சுரம், திரும்பி வரும்போதும் அதே சுரம். அந்த ஊரில் பிஸ்மில்லா கான் பாலாஜி கோவிலில் வருடக்கணக்காக அப்படித்தான் சாதகம் செய்தார். அவர் முஸ்லிம், கோவில் பெருமாள் கோவில்; காசியில் அதை ஒருவரும் அதிசயமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் ஷெனாய் சின்னக் குழல். முற்றத்தில் வைத்து வாசிக்க ஏற்றது. நாகசுரம் நீளமான ஆச்சா மரம்; தெருவுக்கும் தேருக்கும் செய்தது. பந்தல் போட்ட மூன்று வீடு தாண்டி 'இங்கே கல்யாணம்' என்று சொல்வது அதன் வேலை. சத்தம் அதிகம் என்றால் வாசிப்பவர் முன்னால் வைத்த மைக்கை எடுத்துவிடுங்கள், போதும். ஷெனாயைப் பந்தி நேரத்தில் மெதுவாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வீட்டாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், சண்டை வராது.

பேத்தி இந்துஸ்தானி கற்கிறாள். மிரஜ் தம்பூரா வரவழைக்கலாமா, தஞ்சாவூர்த் தம்பூராவே போதுமா?
(பொன்னமராவதி வாசகி)

தஞ்சாவூர்க் குடம் பலா மரம், நம் வெயிலுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தாங்கும். மிரஜ் குடம் காய்ந்த சுரைக்காய்; நாதம் தேன், உடம்பு முட்டை ஓடு. மிரஜ் சித்தாருக்கும் தம்பூராவுக்கும் 2024இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். முதல் வருடத்துக்குப் பெட்டித் தம்பூரா போதும். பிள்ளை நிலைத்துப் படித்தால் மிரஜ் வாங்குங்கள். குதிரை எனும் தாங்குகட்டைக்கும் தந்திக்கும் நடுவில் வைக்கிற ஜீவா நூலை நகர்த்தி நாதத்தைத் திறக்க ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மயிரிழை தள்ளிப்போனால் தந்தி தகரம் மாதிரி ஒலிக்கும். மால்கவுன்ஸ் பாடும் நாளில் முதல் தந்தியைப் பஞ்சமத்திலிருந்து மத்தியமத்துக்கு இறக்க வேண்டும், அந்த ராகத்தில் பஞ்சமம் கிடையாது.

பார்சலில் மட்டும் போடாதீர்கள். நேரில் போய், மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஹூப்ளியை விட்டு வந்தபோது என் தம்பூராவைச் சாமான்களோடு அனுப்பினோம். வந்து சேர்ந்தபோது குடத்தில் கையளவு துண்டு பெயர்ந்து உள்ளே கிடந்தது. ஊர் ஆசாரி வந்து பார்த்தார். "நம் சுவருக்கெல்லாம் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும்தானே ஆச்சி பூசியிருக்கிறது, இதற்கும் அதையே போடலாம்" என்றார். போட்டார். மூன்று நாளில் உதிர்ந்தது, வீடெல்லாம் முட்டை வாடை. பிறகு தச்சுப் பசையும் மல் துணியும் வைத்து ஒட்டியது இன்றுவரை நிற்கிறது. ஒட்டு உள்ள பக்கம் மட்டும் லேசாக 'ஜிர்' என்கிறது. என் பேத்தி அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பாட உட்காருகிறாள்.